விடுமுறைக் கூட்டத்தில் கேளிக்கைப் பூங்கா: குழுவாகப் போகிறவர்களுக்கு ஒரு பாடம்



டிசம்பர் விடுமுறை நெருங்கும்போது கிளைக் கூட்டங்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "அண்ணே, இந்த வருஷம் எங்க போறோம்?" சிலர் கடற்கரை என்பார்கள், சிலர் மலை என்பார்கள், கடைசியில் தீம் பார்க்தான் ஜெயிக்கும். நான் பொறுப்பில் இருந்த ஆண்டுகளில் ஒரு தடவைகூட இது மாறியதில்லை. ஆகவே இந்த மாதப் பாடத்துக்கு அதையே எடுத்துக்கொள்கிறேன். இதில் படிக்க என்ன இருக்கு என்று சிரிக்காதீங்க. முப்பது நாற்பது பேரை விடுமுறைக் கூட்டத்துக்குள் அழைத்துப் போய், எல்லாரையும் முகம் வாடாமல் வீட்டில் கொண்டுவந்து விடுவது சின்ன வேலை இல்லை. அதில் நான் ஒருமுறை தோற்றிருக்கிறேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

38 பேர், ஒரு பேருந்து

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் மாதம், நாங்கள் 38 பேர் ஒரு பெரிய பூங்காவுக்குப் போனோம். எந்தப் பூங்கா என்பது இங்கே முக்கியமில்லை, தப்பு என்னுடையது. நான்தான் சுற்றுலாப் பொறுப்பாளர். பேருந்து பேசினேன், டிக்கெட் வாங்கினேன், எல்லாருக்கும் ஒரே நிறத்தில் டி-சட்டை அடித்தேன். அதற்கு மேல் என்னிடம் திட்டம் எதுவும் இல்லை. "உள்ள போனதும் பாத்துக்கலாம்" என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வழியில் பசியாற நிறுத்தினோம். பரோட்டா வர நேரமாகிவிட்டது. நெடுஞ்சாலையில் நெரிசல். வாசலை அடையும்போது மணி 11. எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெரிய ரோலர் கோஸ்டரின் முன்னால் பலகையில் 110 நிமிடம் என்று போட்டிருந்தது. பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் பலகையைப் பார்த்தேன்.

அப்போது ஒன்பது பேர் தனியாக ஒதுங்கிப் பேசினார்கள். கையில் காசு இருந்தது. விரைவு வரிசைக்கான எக்ஸ்பிரஸ் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு வந்தார்கள். "அண்ணே, நாங்க போய்ட்டு வரோம்" என்றார்கள். சரி என்றேன். அவங்க காசு, அவங்க இஷ்டம், நான் எப்படித் தடுப்பது?

மாலையில் பேருந்தில் ஏறியதும் கணக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். "நான் 11!" "நான் 12, கோஸ்டர் மட்டும் மூணு தடவை!" மற்றவர்கள் மூன்று, நான்கு என்றார்கள். படிவம் ஒன்றில் படித்த ஒரு தங்கச்சி சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அது முதல் தீம் பார்க். அவள் அம்மா துப்புரவு வேலை செய்கிறவர். பயணக் கட்டணத்தை மூன்று தவணையாகக் கொடுத்தார். அந்தப் பிள்ளை அன்று ஏறியது இரண்டே இரண்டில். அதில் ஒன்று சின்னப் பிள்ளைகள் சுற்றும் குதிரை ராட்டினம். இறங்கும்போது என்னிடம் வந்து, "நன்றிண்ணே" என்றாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவள் வகுப்புக்கு வரவில்லை. இரண்டு மாதம் கழித்து அவள் தோழி சொன்னாள்: "அவ வீட்டுல போயி எல்லாத்துலயும் ஏறினேன்னு அம்மாகிட்ட பொய் சொல்லிட்டாண்ணே."

அதைக் கேட்ட பிறகுதான் நான் உட்கார்ந்து, வரிசை என்பது எப்படி வேலை செய்கிறது என்று படித்தேன். அதில் தெரிந்துகொண்டதையும், அடுத்த தடவை செய்து பார்த்ததையும் கீழே எழுதுகிறேன்.

வரிசையின் கணக்கு

ஒரு சவாரியில் 24 இருக்கைகள் என்று வையுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை வண்டி கிளம்புகிறது. அப்படியானால் நிமிடத்துக்கு 12 பேர், மணிக்கு 720 பேர். பூங்கா ஒன்பது மணி நேரம் திறந்திருந்தால் நாள் முழுக்க 6,480 பேர். ஒரு வண்டிகூடக் காலியாகப் போகாமல், ஒரு தடவைகூடப் பழுதாகாமல், மழை பெய்யாமல் இருந்தால்தான் அந்த எண்ணிக்கையும் வரும்.

இப்போது அந்த நாளில் 15,000 பேர் உள்ளே வந்திருக்கிறார்கள் என்று வையுங்கள். ஆளுக்கு ஒரே ஒரு தடவை என்றாலும் பாதிப் பேருக்கு மேல் அதில் ஏறவே முடியாது. இதில் சாமர்த்தியம், அதிர்ஷ்டம் என்று எதுவும் இல்லை, இருக்கை இல்லை, அவ்வளவுதான். நான் அன்று 38 பேரிடமும் "எல்லாரும் எல்லாத்துலயும் ஏறலாம்" என்று சொல்லியிருந்தேன். கணக்கே ஒத்துக்கொள்ளாத வாக்குறுதி அது.

காத்திருக்கும் நேரத்தை நீங்களே கணிக்கலாம். உங்களுக்கு முன்னால் 900 பேர், நிமிடத்துக்கு 12 பேர் ஏறுகிறார்கள் என்றால் 75 நிமிடம். வரிசையில் நிற்கும் ஆட்களின் எண்ணிக்கையை, நிமிடத்துக்கு எத்தனை பேர் நகர்கிறார்களோ அதால் வகுத்தால் போதும். இது மாமாக் கடையில் ரொட்டி சானாய்க்கு நிற்கும்போதும் பொருந்தும், மருத்துவமனையிலும் பொருந்தும். ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961இல் இதைக் கணித முறையில் நிரூபித்தார். இன்றைக்கும் அதை லிட்டில் விதி என்றுதான் சொல்கிறார்கள். படிவம் ஆறில் கணிதம் படிக்கிற தம்பிகள் தேடிப் பாருங்கள். சூத்திரம் ஒரு வரிதான்.

அடுத்து எக்ஸ்பிரஸ் வரிசை. அதை வாங்கினால் இருக்கை ஒன்றுகூடக் கூடுவதில்லை. அதே 12 பேர்தான் ஒரு நிமிடத்தில் ஏறுகிறார்கள். அதில் பாதி இடம் எக்ஸ்பிரஸ் பக்கம் போனால் சாதாரண வரிசைக்கு நிமிடத்துக்கு ஆறு பேர். அதே 900 பேர் இப்போது 75 நிமிடம் இல்லை, 150 நிமிடம் நிற்க வேண்டும். விரைவாகப் போகிறவரின் நேரம் எங்கிருந்தோ வானத்திலிருந்து வருவதில்லை. பக்கத்து வரிசையில் நிற்கிறவரிடமிருந்து எடுத்துக் கொடுக்கப்படுகிறது.

டிஸ்னி நிறுவனம் 1999இல் ஃபாஸ்ட் பாஸ் என்ற சீட்டைக் கொண்டுவந்தபோது அது இலவசம். குறிப்பிட்ட நேரத்துக்கு வரச் சொல்லி ஒரு சீட்டு கொடுப்பார்கள், அவ்வளவுதான். காசு உள்ளவர், இல்லாதவர் எல்லாருக்கும் ஒரே சீட்டு. 2021இல் அமெரிக்கப் பூங்காக்களில் அது போய், கட்டணம் கட்டும் முறை வந்தது. நம் பக்கத்தில் செந்தோசாவில் உள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸ் எக்ஸ்பிரஸ் டிக்கெட்டைத் தனியாக விற்கிறது. இதைக் குறை சொல்லிப் பயனில்லை. அது வியாபாரம். ஆனால் ஒரே டி-சட்டை போட்டுக்கொண்டு ஒரே பேருந்தில் வந்த பிள்ளைகளுக்குள் அந்த வியாபாரம் நுழைந்தால் என்ன ஆகும் என்று பொறுப்பாளர்தான் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை.

எந்த நாள்?

பாதிப் பிரச்சினை நாட்காட்டியிலேயே தீர்ந்துவிடும். ஆனால் ஒரு நாட்காட்டி போதாது. மலேசியா, சிங்கப்பூர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு ஜூனில் நான்கு வாரமும், நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் இறுதி வரை ஆறு வாரமும் விடுமுறை. மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒவ்வொரு வாரம். அந்த வாரங்களில் ஜோகூரில் உள்ள பூங்காவுக்கு நாம் போனால் நமக்கு முன்னால் சிங்கப்பூர்க் குடும்பங்கள் நிற்கும். நாம் சிங்கப்பூருக்குப் போகும் மலேசிய விடுமுறையில் பாலத்திலேயே பாதி நாள் போய்விடும். ஜோகூர்ப் பாலம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். விடுமுறையில் அதைக் கடக்க எவ்வளவு நேரமாகும் என்று ஜோகூர்க்காரர்களைக் கேளுங்கள், பெருமூச்சுதான் விடுவார்கள்.

லெகோலேண்டுக்குப் போகும் கிளைகளுக்கு ஒரு விஷயம். 2012இல் இஸ்கண்டார் புத்ரியில் திறந்த அந்தப் பூங்கா ஆசியாவின் முதல் லெகோலேண்ட். 2014 முதல் 2024 வரை ஜோகூரில் வார விடுமுறை வெள்ளி, சனி. "ஞாயித்துக்கிழமை போங்க, ஜோகூர் பிள்ளைங்க ஸ்கூல்ல இருப்பாங்க" என்று அந்தக் காலத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். 2025 ஜனவரி 1 முதல் அங்கும் சனி, ஞாயிறாக மாறிவிட்டது. பழைய யோசனையை நம்பிப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். இப்போது அங்கும் சனி, ஞாயிறுதான் வார விடுமுறை என்பதால், வார நாள்தான் வழி. பள்ளி விடுமுறைக்குள்ளேயே ஒரு செவ்வாயோ புதனோ கிடைத்தால் விடாதீங்க. வேலைக்குப் போகும் அண்ணன்மார் அக்காமார் ஒரு நாள் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும். நாங்கள் அப்படித்தான் செய்தோம். இரண்டு பேர் வர முடியவில்லை. வருத்தம்தான். ஆனாலும் 36 பேர் வாசலில் வெந்து நிற்பதைவிட அது மேல்.

வானத்தையும் பாருங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. மின்னல் எச்சரிக்கை வந்தால் வெளியில் உள்ள சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். அப்போது அந்த வரிசைகளில் நின்ற எல்லாரும் கூரைக்குக் கீழே உள்ள சவாரிகளுக்கு ஓடுவார்கள். கெந்திங் ஸ்கைவேர்ல்ட்ஸ் மலை மேலே, ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில், திறந்த வெளியில் இருக்கிறது. அங்கே மழையோடு மூடுபனியும் சேர்ந்துகொள்ளும். நம் ஊரில் பிற்பகல் இடி மழை வழக்கம் என்பதால், வெளிச் சவாரிகளைக் காலையிலேயே முடித்துவிட்டு, கூரை உள்ளவற்றைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

காலையில் வாசல் திறப்பதற்கு அரை மணி நேரம் முன்னாடி அங்கே நில்லுங்கள். இதைச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள், யாரும் செய்ய மாட்டார்கள். முதல் ஒரு மணி நேரத்தில் முடிகிற இரண்டு பெரிய சவாரியை நண்பகலில் முடிக்க மூன்று மணி நேரம் ஆகலாம். பசியாறுவதை முதல் நாள் இரவே பொட்டலமாகக் கட்டி, பேருந்திலேயே முடித்துவிடுங்கள். உள்ளே நுழைந்ததும் கூட்டம் முதலில் கண்ணில் படுகிற சவாரியில் போய் மொய்க்கும். நீங்கள் நேராக உள்ளே, தொலைவில் உள்ள பக்கத்துக்கு நடங்கள். மதியச் சாப்பாடு 11.30க்கு, இல்லையென்றால் 2.30க்கு. எல்லாரும் சாப்பிடும் நேரத்தில் நீங்கள் வரிசையில் இருங்கள். சைவம் சாப்பிடுகிற பிள்ளைகள் இருந்தால் உள்ளே என்ன கிடைக்கும், வெளியிலிருந்து கொண்டுபோக விடுவார்களா என்று ஒரு வாரத்துக்கு முன்பே பூங்காவுக்குத் தொலைபேசி செய்து கேளுங்கள். வெறும் உருளைக்கிழங்குச் சிப்ஸ் தின்றுவிட்டு வெயிலில் நின்ற ஒரு பிள்ளை எங்கள் குழுவில் மயங்கி விழுந்திருக்கிறாள்.

எதை விடுவது?

ஒன்பது மணி நேரத்தில் சாப்பாடு, கழிவறை, நடை எல்லாம் சேர்த்து இரண்டரை மணி நேரம் போய்விடும். மிச்சம் ஆறரை மணி நேரம். பெரிய சவாரி ஒவ்வொன்றுக்கும் 75 நிமிடக் காத்திருப்பு, ஏறி இறங்க ஒரு பத்து நிமிடம். வகுத்துப் பாருங்கள், நான்கு. காலையில் சீக்கிரம் போனால் ஐந்து, ஆறு. இடையில் சின்னச் சின்ன சவாரிகள், ஒரு மேடைக் காட்சி.

இரண்டாவது பயணத்துக்கு முன்பு கிளைக் கூட்டத்தில் வெண்பலகையில் "4" என்று எழுதினேன். "இவ்வளவுதான் பெரிய சவாரி கிடைக்கும். எந்த நாலு?" என்று கேட்டேன். முதலில் ஒரே கூச்சல். "நாலு சவாரிக்காண்ணே இவ்ளோ காசு?" என்று ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. அவனுக்கு அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். பிறகு தேர்வு ஆரம்பித்தது. இங்கே ஒரு விதி வைத்தோம்: முதல் சவாரியை, இதுவரை தீம் பார்க்குக்கே போகாதவர்கள் தேர்ந்தெடுப்பார்கள். ஏற்கெனவே மூன்று தடவை போனவர்கள் கடைசியில் பேசலாம்.

உயர அளவையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். யுனிவர்சலில் பேட்டில்ஸ்டார் கலாக்டிகா ரோலர் கோஸ்டருக்கு 125 சென்டிமீட்டர் வேண்டும். இரண்டு மணி நேரம் நின்ற பிறகு அளவுகோலுக்குக் கீழே நிற்கும் ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? வீட்டில் சுவரோரம் நிற்க வைத்து அளந்தாலே போதும்.

ஒற்றை ஆள் வரிசை என்று சில சவாரிகளுக்கு உண்டு. நான்கு இருக்கையில் மூன்று பேர் உட்கார்ந்தால் மீதி ஒரு இடத்துக்கு அங்கிருந்து ஆள் எடுப்பார்கள். அது வேகமாக நகரும். பெரிய பிள்ளைகள், யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் பரவாயில்லை என்கிறவர்கள் அதில் போகலாம். காசும் வேண்டாம், யாருடைய இடமும் போகாது, காலி இருக்கைதான் நிரம்புகிறது. 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களை நாங்கள் அதில் விடவில்லை, வெளியே வரும்போது தனியாக வருவார்கள் என்பதால்.

எக்ஸ்பிரஸ் வேண்டாம் என்று முடிவு எடுத்தோம். யாரும் வாங்கக் கூடாது. ஒரு அப்பா எனக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். "என் பையனுக்கு நான் வாங்கித் தரேன், வேண்டாம்னு சொல்ல நீ யாருப்பா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பு இல்லை. குடும்பமாகப் போகும்போது அது முழுக்க அவருடைய முடிவு. நான் சொன்னது இதுதான்: "ஐயா, வேற ஒரு நாள் நீங்க கூட்டிட்டுப் போங்க. இது கிளைப் பயணம். எல்லாரும் ஒரே வரிசை." பையனை அனுப்பவில்லை. அவருக்கு என் மீது இன்னும் கோபம் உண்டு. நான் செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

விதிவிலக்கு ஒன்று வைத்தோம். எங்கள் குழுவில் ஆட்டிசம் உள்ள ஒரு தம்பி இருக்கிறான். சத்தமும் நெருக்கடியும் அவனுக்கு ஆகாது. அவனுக்கும் கூடப் போன அவன் அக்காவுக்கும் கிளைப் பணத்தில் எக்ஸ்பிரஸ் வாங்கினோம். பல பூங்காக்களில் இப்படிப்பட்டவர்களுக்குத் தனி உதவி உண்டு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முன்கூட்டியே கேட்டிருந்தால் அந்தக் காசும் மிச்சமாகியிருக்கும். நீங்கள் கேளுங்கள்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஒருவன் வரிசையில் நிற்பான், ஒரு மணி நேரம் கழித்து எட்டுப் பேர் "எக்ஸ்கியூஸ் மி" சொல்லிக்கொண்டு கயிற்றுக்குக் கீழே நுழைந்து அவனிடம் போய்ச் சேர்வார்கள். நம் பிள்ளைகள் செய்து பார்த்திருக்கிறேன். முதுகில் இயக்கத்தின் பெயர் பெரிசாக அடித்திருக்கும்! எக்ஸ்பிரஸ் வாங்கினவராவது காசு கொடுத்தார், நீங்க சும்மாவே எடுத்துக்கிட்டீங்க. கழிவறைக்குப் போய்த் திரும்புகிற ஒருவரைச் சொல்லவில்லை. இந்த எட்டுப் பேரைத்தான் சொல்கிறேன்.

காணாமல் போனால்

முதல் பயணத்தில் நடந்த இன்னொரு விஷயம். மேடைக் காட்சி முடிந்து ஒரே நேரத்தில் எல்லாரும் வெளியே வந்தபோது 11 வயதுத் தம்பி ஒருவனைக் காணோம். கைப்பேசியில் பேட்டரி தீர்ந்துவிட்டது. 40 நிமிடம். அவன் எங்களைத் தேடிச் சுற்ற, நாங்கள் அவனைத் தேடிச் சுற்ற, ஒரே வட்டத்தில் ஒருவர் பின்னால் ஒருவர் நடந்திருக்கிறோம். கடைசியில் குப்பை கூட்டும் ஒரு ஊழியர் அழுதுகொண்டிருந்த அவனைப் பிடித்து நிறுத்தி அலுவலகத்துக்கு அழைத்துப் போனார்.

ஆகவே சிறியவர்களுக்கு ஒரே பாடம்: தொலைந்துவிட்டது தெரிந்த உடனே நில். நடக்காதே. சீருடையும் பெயர் அட்டையும் போட்ட ஊழியரிடம் சொல். தேடுவது பெரியவர்கள் வேலை. ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இரண்டு தொலைபேசி எண் எழுதிய ஒரு காகிதம், கைப்பேசி இருந்தாலும் சரி. காலையில் பேருந்தைவிட்டு இறங்கியதும் எல்லாரையும் நிற்க வைத்து ஒரு படம் எடுத்துவிடுங்கள். "என்ன நிற சட்டை, என்ன செருப்பு?" என்று ஊழியர் கேட்கும்போது பதற்றத்தில் பெற்ற தாய்க்கே நினைவு வராது, படத்தைக் காட்டலாம். சந்திக்கும் இடமாக வாசலில் உள்ள பெரிய உருண்டையையோ கோட்டையையோ சொல்லாதீர்கள். ஆயிரம் பேர் அங்கேதான் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஓரமாக, பெயர்ப்பலகை உள்ள ஒரு சின்னக் கடையைச் சொல்லுங்கள்.

ஆறு பேருக்கு ஒரு குழு, ஒவ்வொன்றிலும் 18 வயதுக்கு மேற்பட்ட ஒருவர். அவர் முன்னால் நடக்கக் கூடாது, கடைசியில் நடக்க வேண்டும். முன்னால் நடப்பவருக்குப் பின்னால் யார் விடுபட்டார் என்று தெரியாது. தைப்பூசத்தில் பத்துமலையில் தொண்டு செய்தவர்களுக்கு இது புதிதில்லை. 272 படியில் சிறு பிள்ளைகளை எப்படி ஏற்றி இறக்குவீர்களோ, அப்படித்தான் இங்கேயும்.

கூட்டம் அடர்த்தியானால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவைக்கிறேன். 2022 அக்டோபர் 29ஆம் தேதி தென்கொரியாவின் இதேவோன் பகுதியில், ஹாலோவீன் கொண்டாட்டத்துக்குப் போனவர்கள் ஒரு குறுகிய சந்தில் நெருக்கப்பட்டு 159 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள். ஒரு சதுர மீட்டரில் ஐந்தாறு பேருக்கு மேல் சேர்ந்தால் நாம் நடப்பதில்லை, கூட்டம் நம்மைத் தண்ணீர் போல இழுத்துப் போகும். பூங்காவில் வரிசைகள் கயிறு கட்டி இருப்பதால் அந்த நிலை எளிதில் வராது. ஆனால் வாணவேடிக்கை முடிந்து எல்லாரும் ஒரே வாசலுக்குத் திரும்பும் நேரத்தில் கவனம் வேண்டும். பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் பிறகு கிளம்புங்கள். நெருக்கத்தில் மாட்டிக்கொண்டால் இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் மடக்கி வைத்து மூச்சுக்கு இடம் விடுங்கள். கீழே விழுந்த செருப்பையோ கைப்பேசியையோ எடுக்கக் குனியாதீர்கள். எதிர்த்துத் தள்ளாமல், கூட்டம் போகிற திசையிலேயே சாய்வாக நகர்ந்து ஓரத்துக்கு வாருங்கள்.

நிற்கும் நேரம்

டேவிட் மைஸ்டர் என்ற நிர்வாகவியல் அறிஞர் 1985இல் காத்திருப்பின் உளவியல் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வேலையில்லாமல் நிற்கும் நேரம் நீளமாகத் தெரியும், ஏன் நிற்கிறோம் என்று தெரியாவிட்டால் இன்னும் நீளும், தனியாக நிற்பதைவிடக் கூட்டமாக நிற்கும்போது நேரம் குறைவாகத் தெரியும் என்றார். பூங்காக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் வரிசை வளைந்து வளைந்து போகிறது, நடுவில் சிலை, திரை, கதை என்று வைக்கிறார்கள்.

நமக்கும் இதில் பயன் உண்டு. இரண்டாவது பயணத்தில் வரிசைக்குள் நுழைந்ததும் கைப்பேசியைப் பையில் போடச் சொன்னேன். பேட்டரியும் மிச்சம். முதல் கால் மணி நேரம் ஒருவரும் பேசவில்லை, என்னை முறைத்தார்கள். பிறகு ஒரு தங்கச்சி பாட்டுக்குப் பாட்டு ஆரம்பித்தாள். "ம"வில் தொடங்கிய பாட்டு, பக்கத்து வளைவில் நின்ற ஜொகூர் குடும்பம் ஒன்றையும் இழுத்துக்கொண்டது. அவங்க பாட்டி எங்களை எல்லாம் தோற்கடித்துவிட்டார். பேச்சுத் தொடர, எங்கள் கிளையில் இரண்டு ஆண்டாக ஒன்றாக இருந்த இரண்டு பேர் ஒரே தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தார்கள்.

அன்று எல்லாரும் ஏறியது ஐந்து பெரிய சவாரி. ஒருவருக்குக்கூட ஆறு இல்லை, நான்கும் இல்லை. பேருந்தில் கணக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அந்தத் தங்கச்சியை இரண்டாவது பயணத்துக்கு அழைக்க வீட்டுக்குப் போனேன். அம்மா தேநீர் கொடுத்தார். "அன்னிக்கு எல்லாத்துலயும் ஏறினாளாமே தம்பி, ரொம்ப நன்றி" என்றார். என்ன சொல்வது? தலையை ஆட்டினேன். அவள் கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை என்று சொல்லிவிட்டாள். இப்போது படிவம் நான்கு. போன மாதம் கடைத்தெருவில் பார்த்தேன், "அடுத்த வருஷம் எஸ்பிஎம் இருக்குண்ணே" என்றாள். சிரித்தாள்.

கிளைக் கூட்டத்தில் செய்து பார்க்க

உங்கள் கிளை அடுத்துப் போகவிருக்கும் பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் கேட்கும் ஒரு சவாரியில் எத்தனை இருக்கை, எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று ஏற்கெனவே போனவர்களைக் கேட்டு, ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை பேர் ஏறலாம் என்று கணக்குப் போடுங்கள். இரண்டு நாட்டு விடுமுறை நாட்காட்டியையும் மேசையில் விரித்து மூன்று தேதிகளைக் குறித்து வையுங்கள். எக்ஸ்பிரஸ் டிக்கெட் பற்றி இரண்டு பக்கமும் ஆள் பிரித்து வாதம் செய்யுங்கள். அந்த அப்பாவின் பக்கம் பேசுகிறவர் நன்றாகப் பேச வேண்டும், விட்டுக்கொடுக்கக் கூடாது.

கடைசியாக, உங்கள் பெயர்ப் பட்டியலில் இதுவரை தீம் பார்க்குக்குப் போகாதவர்கள் யார் என்று பாருங்கள். புலனத்தில் எல்லார் முன்னாலும் கேட்காதீங்க. தனியாகப் போய், எதில் ஏற ஆசை என்று கேட்டு, எழுதிக்கொண்டு வாருங்கள்.